யோகராணி அக்காவின் பனிச்சறுக்குச் சப்பாத்து

ஞாயிறு காலை யோகராணி அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். பிறகு டேனிஷில் ஏதோ சொல்லத் தொடங்கி அழுதுவிட்டாள். நோய் முற்றியிருந்தது தெரிந்தும் நான் அதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை.

ஹொல்ஸ்டெப்ரோ என்ற டேனிஷ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். கோயில் அன்னதானச் சமையலை நடத்தியவராக உங்களில் பலர் அவரை அறிவீர்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. ஊரில் போர்க்காலத்தில் ஷெல் பட்டு, அவரது வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை; கணுக்கால் எலும்பும் புடைத்திருக்கும். வேலைத்தளத்தில் எல்லோரும் நோர்வேக்குப் பனிச்சறுக்குக்குப் போவதென்று முடிவானபோது, அக்கா தங்குமிடத்தில் இருந்து சமைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். "சமைக்க நோர்வேக்குப் போகோணுமே?" என்றார் அக்கா.

வாடகைச் சப்பாத்து எதுவும் அந்தக் காலுக்கு ஒத்துவரவில்லை. சூடாக்கினால் காலின் வடிவத்துக்கே அமைந்துவிடும் உள்ளுறை கொண்ட சப்பாத்து கோல்டிங் நகரில் ஒரு கடையில் இருப்பதாக அறிந்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரப் பெண் கணுக்கால் புடைப்புக்கு உள்ளுறையில் இடம் விழும்படி அதன்மேல் ஒரு நுரைத்துண்டை ஒட்டி, மெல்லிய காலுறை மாட்டினார். சூடான உள்ளுறைக்குள் காலை விட்டு, குதிகாலைப் பின்னால் தட்டி, கொக்கிகளைப் பூட்டி, ஆறும்வரை அசையாமல் நிற்கச் சொன்னார். ஆறியபின் நுரைத்துண்டை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் எலும்பு நோகவில்லை. ஆனால் நடக்கும்போது குதி மேலே எழும்பியது. பழகினால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரப் பெண்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு காலமும் எல்லாச் சப்பாத்தையும் சகிச்சுக்கொண்டுதான் போட்டனான். இதைச் சகிக்க மாட்டன், பிள்ளை."

இன்னொருமுறை சூடாக்கலாமா என்று டேனிஷில் நிதானமாகக் கேட்டார். செய்யலாம் என்றார் அந்தப் பெண். இம்முறை உள்ளுறையின் வெளிப்புறத்தில், குதி எழும்பாதபடி அதைச் சுற்றி மெல்லிய திண்டு ஒட்டிச் சூடாக்கினார்கள். அக்கா மறுபடியும் சிலைபோல நின்றார். பிறகு கடைக்குள் நடந்தார், குனிந்தார், ஒரு துள்ளல்கூடத் துள்ளினார். "நோகேல்லை! ஒரு இடமும் நோகேல்லை!" என்று அவர் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது.

நோர்வேயில் அவர் விழாத இடமில்லை. விழுந்த வேகத்திலேயே எழும்பினார். கடைசி நாள் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் சறுக்குபவர்களை மேலே இழுத்துச்செல்லும் இழுவைக் கம்பியைப் பிடித்து நீளச் சரிவின் உச்சிக்குப் போய்விட்டார். நாங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம்.

அவரது குரல்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. கைகளை விரித்தபடி, தமிழ் தெரியாத அத்தனை பேரையும் பார்த்து அவர் கத்திக்கொண்டு இறங்கியது: "விலகுங்கோ, நான் வாறன்!"