செண்பகத்தின் ஏழு

இன்று காலை ஷவரைத் திறந்தேன். ஏழு வரை எண்ணினேன். மூடிவிட்டேன்.

தண்ணீர்ப் பஞ்சமெல்லாம் இல்லை. அறுபது வருடப் பழக்கம். தங்கை ஏற்படுத்தியது.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசி. பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்தேன்.

தங்கை செண்பகத்துக்கு அப்போது பதினைந்து வயது. மனவளர்ச்சி குன்றியவள் என்றார் டாக்டர். தெருவில் வேறு சொற்கள் இருந்தன.

அவளுக்கு ஏழு வரை எண்ணத் தெரியும். அதன் பிறகு மறுபடி ஒன்று. (எட்டு அவளுக்கு என்ன தீங்கு செய்தது என்று யாருக்கும் தெரியாது.)

சுரண்டை மாமா, அதாவது அப்பாவின் அக்கா கணவர், ஒரு யோசனை சொன்னார். குற்றால அருவியில் நாற்பத்தொரு நாள் தலையைக் கொடுத்து நின்றால் புத்தி தெளியும். தெளியாவிட்டால் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார். அவரிடமே விட்டுவிடலாம்.

அங்கே சங்கிலி உண்டு என்பதை மாமா சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நான் மனோதத்துவம் படித்தவள். இது நோயே இல்லை, தெளிவதற்கு ஒன்றுமில்லை என்று அப்பாவுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார்.

"சரிட்டி. பிள்ளைய என்ன செய்யணும்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

அந்த அத்தியாயத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

ஆகவே குற்றாலம். அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தில் அவளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்கு. அப்பா வெளியே, துண்டும் குடையுமாக.

முதல் நாள், "நூறு எண்ணிட்டு வாட்டி" என்று அவளிடம் சொல்லி அனுப்பினார்.

செண்பகம் சொன்ன சொல் தட்டாதவள். ஒன்று முதல் ஏழு. மறுபடி ஒன்று முதல் ஏழு.

நூறு வரவில்லை. வராது.

அரை மணி நேரம். எனக்குப் பல் கிட்டித்துவிட்டது. இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறாள்.

"அருவிய குத்தகைக்கு எடுத்திருக்கியளோ?" என்றாள், தலை நிறைய எண்ணெயோடு பின்னால் நின்ற ஒருத்தி.

என்ன ஆயிற்றோ என்று அப்பா எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார். பெண்கள் குளிக்கும் பக்கம். போலீஸ்காரர் விசில் ஊதிவிட்டார். (தென்காசியில் அப்பாவின் பாத்திரக் கடைக்கு எதிரே நின்று யாரும் பீடிகூடப் பிடிக்கமாட்டார்கள்.)

மறுநாள் அப்பா நூறை ஏழாகக் குறைத்தார்.

செண்பகம் ஏழு எண்ணினாள். வெளியே வந்தாள். அடுத்துப் போன எண்ணெய்க்காரிக்கும் ஏழு எண்ணினாள். கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். பிறகு அவளுக்கு அடுத்தவளுக்கு.

சீசன் கூட்டத்தில் அருவிக்கு அடியில் இடம் பிடித்தவள் நகரவே மாட்டாள். அதுதான் வழக்கம். செண்பகம் நகர்த்தினாள். பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். வைரத் தோட்டுக்கும் ஏழு, வெறுங்காதுக்கும் ஏழு.

நடுவில் ஒரு நாள் காய்ச்சல். போகவில்லை. மறுநாள் அதே போலீஸ்காரர் அப்பாவைத் தேடி வந்தார்.

"நேத்து எங்க அண்ணாச்சி போனிய? அங்கன ஒரே அடிதடி."

நாற்பத்தொன்றாம் நாள் மாமா அருவிக்கே வந்தார். பரீட்சை வைக்க. வைத்தியருக்குச் சொல்லியாகிவிட்டது. வாடகைக் காரும் தயாராக நின்றது.

ஈரத் தலையோடு நின்றவளை எண்ணச் சொன்னார். எண்ணினாள். ஏழில் நிறுத்தினாள்.

"ஏழுக்கு அப்புறம் என்னட்டி?"

அப்பா குடையை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் எட்டு, எட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். (மனோதத்துவப் பட்டதாரி.)

செண்பகம் மாமாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுத்த ஆளு."

அப்பா சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அதான் சொல்லுதால்லா, அத்தான். நகருங்க."

கார் மாமாவை மட்டும் ஏற்றிக்கொண்டு சுரண்டைக்குத் திரும்பியது.

பல வருடம் கழித்து அப்பாவிடம் கேட்டேன். அவளுடைய ஏழு யாருக்கும் பயன்படாமல் போயிருந்தால், அந்தக் காரில் ஏற்றியிருப்பீர்களா?

"பத்தாம் நாளே நாள் எண்ணுறத விட்டுட்டேன்ட்டி. அவ தண்ணிய விட்டு சிரிச்சுக்கிட்டே வெளிய வருவா. அதப் பாக்கத்தான் வந்தேன்."

(மாமா மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.)

செண்பகம் கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். எட்டு கடைசிவரை வரவில்லை.

படித்தாயிற்றா? நகருங்கள். பின்னால் ஆள் நிற்கிறது.