ரொனால்ட் செத்திருந்த ஒரு மாதம்

தலத்தெருவில் ரொனால்டைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எவருமில்லை. நல்லதாகச் சொல்லவும் இல்லை. அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டதில்லை, யாருக்கும் கொடுத்ததும் இல்லை. ஏணி கேட்டுப் போனால், "அது சரிப்படாதுங்க" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். அதனாலேயே எனக்குக் கூடுதலாக எரியும்.

அவருடைய ஒரே மகள் ஜெனிஷா கல்யாணமாகி பிரான்சுக்குப் போனாள். அதன் பிறகு அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தான் இறந்தால் தூக்க நாலு பேர் வேண்டுமே. கூலிக்கு ஆள் வைத்துப் போவது அவமானம் என்று மனைவி அற்புதத்திடம் புலம்பியிருக்கிறார். அப்படித்தான் எங்கள் நல்மரண சபையில் சேர வந்தார். சபையில் இருப்பவரைச் சபைக்காரர்களே தோளில் சுமப்போம். அது சட்டம்.

சேருவதற்கும் ஒரு சட்டம் உண்டு. இறந்தவர்களைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் ஊர்ப் பொதுப்பெட்டியைத் தூம்பா என்போம். புதிதாகச் சேருபவர் அதில் படுக்க வேண்டும். மேலே கறுப்புத் துணி போர்த்துவோம். அவர் தனக்குச் செய்த ஓர் உதவியை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். நல்லவர், தங்கமானவர் என்பதெல்லாம் செல்லாது. சொன்னதும் தலைவர் பேரைச் சொல்லி, "எழுந்து வா" என்பார். அதுவரை அவர் செத்தவர். என் முறை வந்தபோது, கிணற்றில் விழுந்த ஆட்டை நான் தூக்கிக் கொடுத்ததைச் சொன்னார்கள். ஆட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

"செத்தப்புறம் ஊரு சொல்றத இப்பவே கேட்டுக்கலாம். மிச்ச நாளை எப்புடி ஓட்டணும்னு தெரிஞ்சுடும்" என்பார் தலைவர் ஆரோக்கியஜோசப்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ரொனால்ட் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுத் தூம்பாவில் படுத்தார். துணியைப் போர்த்தினோம். ஒருவரும் பேசவில்லை. ஒருவர் இருமியதும் எல்லோரும் ஆவலாக அவரைப் பார்த்தோம். அவர் வெறுமனே இருமியிருக்கிறார்.

கடைசியில் பிலோமின்ராஜ் இரக்கப்பட்டான். "போன மழையில எங்க தெருவுல தண்ணி ஏறுனப்ப, என் வண்டிய நிறுத்த அண்ணன் அவுங்க வீட்டு வாசல்ல எடம் குடுத்தாரு."

"நான் குடுக்கல. கேட்டைப் பூட்ட மறந்துட்டேன்" என்றது துணிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"செத்தவங்க பேசக் கூடாது ரொனால்ட்" என்றார் தலைவர்.

"கோயில்ல பொய் சொல்லலாமா?"

தலைவர், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். ரொனால்ட் தானாகவே எழுந்து, துணியை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தானாக எழுந்தது எழுந்ததில் சேராது.

டீக்கடையில், "செத்தவருக்கு ஒரு டீ" என்று கிண்டல் செய்தார்கள். அவர் உதவி செய்யக் கிளம்பினார். டெல்பின் வீட்டு வாசலில் வந்திறங்கிய கேஸ் சிலிண்டரைத் தூக்கப் போனார். "வேணாம்ணே, எதுக்குத் தூக்குறீங்கன்னு தெரியும்" என்று அவள் உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நின்றுபோன ஆட்டோவைத் தள்ளக் கை வைத்தார். உடனே அது கிளம்பிவிட்டது. என்னிடம் வந்து, "உங்களுக்கு ஏதாச்சும் வேணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். பாவமாக இருந்தது. ஏணி கேட்ட அன்று இவர் இப்படிக் கேட்டிருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது.

அடுத்த மாத ஞாயிறன்று தூம்பாவைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஆள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. எனக்குப் பசி வேறு. அற்புதம்தான் வந்து சொன்னாள். ஐந்து நாளுக்கு முன் அவர்களுடைய பின்வீட்டு சோமசேகரன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் மனைவி ராஜம் போட்ட கூச்சலில் ரொனால்ட் கட்டிய கைலியோடு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை. வரிச்சிக்குடியில் நிலம் வைத்திருக்கும் சோமசேகரன் ஆள் பெரிய உருவம். அவரை அசைக்க ராஜத்தால் ஆகாது. மகள் சுகிர்தா வெளிநாட்டிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

தலைவரும் நானும் கோபத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரொனால்ட் மூத்திரச் சட்டியைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கா? மறந்தே போச்சுங்க" என்றார்.

கட்டிலிலிருந்து சோமசேகரன் என்ன விஷயம் என்று கேட்டார். தலைவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"இவரா? கொதிக்கக் கொதிக்கக் கஞ்சிய ஊத்தி வாயப் பொசுக்கிட்டாரு. குறட்டை வேற, கண்ணு மூட முடியல" என்றார் சோமசேகரன். "ஆனா அஞ்சு நாளா எனக்குப் பீ மூத்திரம் அள்றது இவருதாங்க. ஒரு தடவகூட மூஞ்சியச் சுளிக்கல. நான் பெத்த பொண்ணுகிட்டகூட இதக் கேட்டுருக்க மாட்டேன்."

ரொனால்ட் மறுத்துப் பேசுவார் என்று நான் பயந்தேன். அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். இதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை.

"சொல்றவரு சபைக்காரர் இல்லையே" என்று தலைவரின் காதில் சொன்னேன்.

"சட்டத்துல ‘ஒருவர்’னுதான் இருக்கு" என்றார். பிறகு சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "ரொனால்ட், எழுந்து வா" என்றார்.

"செத்த இருங்க. நர்சம்மா இவர ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்லிருக்காங்க. திருப்பிட்டு வர்றேன்" என்று ரொனால்ட் கட்டிலின் அந்தப் பக்கம் போனார்.

தனியாளால் முடியவில்லை. தலைவர் தோள் பக்கம் பிடித்தார், நான் காலைப் பிடித்தேன். சோமசேகரன் நல்ல கனம்.