கோவிந்தம்மாள் அக்கா சொன்ன பொய்

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம், கோவிந்தம்மாள் அக்காவோடு இருந்த முனியம்மா கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, திருவள்ளூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அக்கா போயிட்டாங்க. கம்பெனிக்குக் கெளம்பிக்கினு இருந்தேன். டீ குடுக்கலாம்னு எழுப்புனேன், எழுந்துக்கல" என்றாள். செய்தி எனக்கு வந்தது அப்படித்தான். திருவள்ளூர் அநாதைப் பெண்கள் விடுதியில் வளர்ந்து வெளியேறிய உங்களில் பலருக்குத் தபால் போட என்னிடம் முகவரி இல்லை. அதனால் இதைப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

அறுபதுகளில் அக்கா அந்த விடுதியின் வார்டன். நான் அவருக்குக் கீழே எழுத்தர். பதினெட்டு வயது முடிந்த அன்று பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட வேண்டும். உறவினர் யாராவது கையெழுத்துப் போட்டால் அவரோடு அனுப்ப வேண்டும், யாரும் வராவிட்டால் தனியாக. போனவள் திரும்பி வந்தால் உள்ளே விடக் கூடாது. நான் வேலையில் சேர்ந்த அன்று இந்த விதிகளை வாய்ப்பாடு மாதிரி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அக்காதான். அப்போது அவரும் அவற்றை நம்பினார்.

பிற்காலத்து அக்காவைத்தான் உங்களில் சிலருக்குத் தெரியும். வேலை போன பிறகு, வெளியே அனுப்பப்பட்ட பெண்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 'வயசுப் பொண்ணுங்கள வச்சிக்கினு இன்னா பண்றா' என்று தெருவில் பேசினார்கள். இரண்டு முறை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்ததும் அங்கே போனார். ஒருநாள் முனியம்மாவுக்கு வேலை கேட்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். ஆளெடுக்கிற குமாஸ்தா, "நீங்க இன்னா ஒறவு?" என்றார்.

"அத்தை."

"போன வாரம் இட்டுக்கினு வந்த பொண்ணுக்கும் அத்தைன்னுதானே சொன்னீங்க?"

"எனுக்கு அண்ணன் தம்பிங்க ஜாஸ்தி."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "பதினெட்டு முடிஞ்சா வெளிய அனுப்புன்றாங்க. யாரூட்லம்மா அப்டி அனுப்புறாங்க?"

எல்லோரையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. சரோஜா ஒரு லாரி ஓட்டுநரோடு போனாள். அக்கா சூலூர்பேட்டை, நெல்லூர் என்று ஒரு மாதம் தேடினார். கிடைக்கவில்லை. அவள் சாப்பிட்ட தட்டை வேறு யாருக்கும் கொடுக்க அவர் சம்மதிக்கவே இல்லை.

அக்காவின் அடக்கத்துக்கு ஏழு பேர் வந்திருந்தோம். பக்கத்திலேயே இருந்தும் வராதவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பதும் தெரியும். வசந்தாவோடு ஒரே அறையில் வளர்ந்தவர்கள் நீங்கள். அவளைக் கேட்டிலிருந்து விரட்டியவர் என்று அக்காவை நீங்கள் மன்னிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த தாய்மாமன் கையெழுத்துப் போட்டு வசந்தாவை அழைத்துப் போனார். நான்கு மாதம் கழித்து ஒரு நண்பகலில் அவள் திரும்பி வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அக்கா விடுதி வேலையாகக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். கேட்டில் நான்தான் நின்றேன். "மாமா ஊட்ல இருக்க முடியாது. அக்கா வர்ற வரைக்கும் இங்கியே ஓரமா குந்திக்கினு இருக்கேன்" என்றாள். பெயரை அடித்தாயிற்று, உள்ளே விட முடியாது என்றேன். தண்ணீர் கேட்டாள். கம்பி வழியாகக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவித் தந்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் ஏரியில் அவள் உடல் கிடைத்தது. மாமன் வரவில்லை. அக்காவே கொள்ளி வைத்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, "திருப்பி அனுப்பியது யார்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா, "நான்தான்" என்றார். அதோடு அவருடைய வேலை போயிற்று. வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் என்று கேட்டேன்.

"உன் ஊட்டுக்காரர் போயி ஆறு மாசம்கூட ஆவல. ரெண்டு பசங்கள வச்சிக்கினு இன்னா பண்ணுவ?" என்றார். நடந்துகொண்டே, "அந்த ரூல உனுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தானே" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை உங்களில் யாரிடமும் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருடைய பெட்டியை முனியம்மா வைத்திருக்கிறாள். அதிலிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான். அதை வைத்துத்தான் என் பிள்ளைகள் இருவரையும் ஆளாக்கினேன்.