நிழல் வண்டியின் மேல் இருந்த பெயர்

என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த ஆளைத் திட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வேறு மாதிரி எனக்குச் சொல்ல வராது. எங்கள் அலுவலகத்தில் அவனுக்கு முதுகுக்குப் பின்னால் சூரப்புலி என்று பெயர். வயதில் மூத்தவன், பதவியில் பெரியவன், தலைமை வடிவமைப்பாளன். 'அவர்' என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன், யாருக்கு வலித்தாலும் சரி.

நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று உலகம் சொல்லும். எங்களுக்கும் முதல் நான்கு வருடம் ஆகவில்லைதான். துவைத்த துணியை யார் மடிப்பது என்று தொடங்கினால் கல்யாணத்தில் யார் வீட்டார் முகம் சுளித்தார்கள் என்பது வரைக்கும் போகும். ஆனால் வீட்டுச் சண்டை வேறு. வெளியாள் ஒருவன் எங்கள் வீட்டுப் பெண்ணை ஏய்ப்பதைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்க நான் என்ன மரக்கட்டையா?

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டே அறைகள், ஏழே பேர், திறக்காத ஒரு ஜன்னல். இதுதான் எங்கள் கம்பெனி. கையில் வைத்து விளையாடும் கன்சோலுக்காக ஒரு கார் பந்தய விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். கியர் கிடையாது, பெட்ரோல் கிடையாது, இடித்தாலும் வண்டி நசுங்காது. இரண்டு பொத்தான்கள், பன்னிரண்டு சாலைகள், அவ்வளவுதான். வளைவில் வண்டியின் பின்பக்கத்தைச் சறுக்க விட்டுப் பக்கவாட்டில் பாய்கிற அந்த டிரிஃப்ட் ஒன்றில்தான் மொத்த சுகமும். நான் அதற்குச் சத்தம் சேர்க்கிறவள். டயர் கிறீச்சிடும் சத்தத்துக்காக ஈர ரப்பர் செருப்பைக் குளியலறைத் தரையில் ஒரு வாரம் இழுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

அண்ணி ஒன்பது வருடம் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டியவர். அந்தக் கம்பெனி வேன்களை நிறுத்தியதும் நான்தான் முதலாளியிடம் சொல்லி இங்கே சேர்த்துவிட்டேன். வேலை, டெஸ்டர். விளையாட்டை ஓட்டிப் பார்த்து எங்கே பிழை என்று எழுதித் தர வேண்டும். "விளையாடுறதுக்குச் சம்பளமா? எனக்கும் ஒரு சீட் சொல்லி வை" என்று என் அண்ணன் கிண்டல் செய்தான். ஒரே வளைவை ஒரு நாளில் இருநூறு தடவை ஓட்ட வேண்டும். இடது சுவரில் மோது, வலது சுவரில் மோது, நடுவில் நிறுத்து, சார்ஜரைப் பிடுங்கு, மறுபடி ஓட்டு. ஒரு மாதத்தில் அண்ணியின் இரண்டு கட்டைவிரல்களிலும் பிளாஸ்திரி. அண்ணன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை, தானே பாத்திரம் கழுவினான்.

வந்த முதல் வாரத்திலேயே அண்ணி சொல்லிவிட்டார்: "வண்டி வழுக்குது சார். ஆனா இது டிரிஃப்ட் இல்ல. ஈரத் தரையில சோப்புக்கட்டி போற மாதிரிப் போகுது."

சூரப்புலி சிரித்தான். "நீங்க ரொட்டி வேன் ஓட்டினவங்கதானேம்மா? பொத்தானை அமுக்குங்க, பிழை இருந்தா எழுதுங்க. யோசிக்கறதுக்கு இங்க ஆள் இருக்கு."

அண்ணி விடவில்லை. கணினியில் எழுதும் பையனை நாங்கள் மௌனி என்போம், நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன் மேஜையில் தீப்பெட்டியை வைத்துத் தள்ளிக் காட்டினார். "மழையில வளைவுல பின்பக்கம் இழுக்கும்ல, அப்போ கண் இமைக்கிற நேரம் காலை எடுத்துட்டு மறுபடி அமுக்கணும். அப்போ டயர் ரோட்டைக் கவ்வும். வண்டியே நம்மளைத் தூக்கிட்டுப் போகும். அந்த இமைக்கிற நேரம்தான் இதுல இல்ல." மௌனி போட்டுப் பார்த்தான். எட்டு மாதம். எந்தச் சாலையில் எவ்வளவு நேரம், எவ்வளவு சறுக்கல், எந்த இடத்தில் கவ்வல், எல்லா எண்ணையும் அண்ணிதான் ஓட்டி ஓட்டிச் சொன்னார். வெறும் வழுக்கலாக இருந்தது விளையாட்டாக மாறியது அப்படித்தான்.

நிழல் வண்டிகளையும் அவர்தான் ஓட்டினார். ஒவ்வொரு சாலையிலும் நாம் துரத்துவதற்கென்று மங்கலான ஒரு வண்டி முன்னால் போகும். யாரோ ஒருவர் முன்பே ஓட்டியதன் பதிவு அது. அதை முந்தினால் "இன்னாரை வென்றீர்கள்" என்று திரை முழுக்க எழுத்து வரும். அண்ணி பன்னிரண்டு சாலையிலும் வேண்டுமென்றே ஒரு வளைவில் அகலமாகப் போனார். "ஜெயிக்கவே முடியாத நிழலை யாரு துரத்துவா? பின்னாடி வர்றவங்க உள்ள நுழைய ஒரு சந்து வேணும்ல" என்றார். இது எனக்கும் மௌனிக்கும் மட்டும் தெரியும். சூரப்புலிக்கு எப்படித் தெரியும்? அவன்தான் அதற்குள் பத்திரிகைக்காரர்களுக்குப் பேட்டி கொடுக்கக் கிளம்பிவிட்டானே.

விளையாட்டின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை அவன்தான் தயாரித்தான். டிரிஃப்ட் வடிவமைப்பு: அவன் பெயர். நிழல் ஓட்டங்கள்: அவன் பெயர், ஓடுகிற நிழல் வண்டிகளின் மேலும் அதே பெயர். அண்ணியின் பெயர் எங்கேயும் இல்லை. கடைசியில் "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி. அண்ணி மூன்று தடவை ஓட விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய் நேராகவே கேட்டார்.

"டெஸ்டர் பேரெல்லாம் போட ஆரம்பிச்சா அதுக்கு முடிவே இல்லம்மா" என்றான் அவன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். முதலாளியிடம் போனோம். அவர் விளையாட்டைத் தொட்டே பார்க்காத மனிதர். "அவர் மூணு வருஷமா சுமந்த வேலைம்மா இது. பொறாமை வேண்டாம்" என்று எங்களுக்கே புத்தி சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவன் நாசமாய்ப் போக வேண்டும், கை விளங்காமல் போக வேண்டும் என்று சமையலறையில் நின்று வரிசையாகச் சாபம் விட்டேன். அண்ணி கட்டைவிரல் பிளாஸ்திரியைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பேர் இல்லன்னா நாளைக்கு வேற கம்பெனியில போய் நான் எதைக் காட்டுவேன்? ரொட்டி வேன் ஓட்டினேன்னா? எட்டு மாசம் என் கையில செஞ்சதும்மா அது. விட மாட்டேன்."

"அப்போ நாளைக்கே எல்லார் முன்னாடியும் கேட்டுடுவோம் அண்ணி. நான் கத்தற கத்துல கீழ கண்ணாடிக் கடையே உடையட்டும்."

"கத்தினா அவன் ஜெயிச்சிடுவான். நீ வாயை மூடிட்டு இரு."

என்னை வாயை மூடச் சொல்வது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அண்ணிக்குத் தெரியும். இருந்தும் மூடிக்கொண்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும். வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பேட்டியில் அவன் அளந்தான்: "என் நிழலை என்னைத் தவிர ஒருவராலும் முந்த முடியாது. வெளியீட்டு நாளில் ஒன்பதாவது சாலையில் மேடையிலேயே முந்திக் காட்டுகிறேன்." அதைப் படித்த அண்ணி பல நாளைக்கப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

விஷயம் இதுதான். சின்னக் குழந்தைகளுக்காக விளையாட்டில் 'கைத்தாங்கல்' என்று ஒரு வசதி உண்டு. வளைவு வந்தால் விளையாட்டே ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிவிடும். சூரப்புலி அதை அணைத்ததே கிடையாது. நிழலோடு போட்டி போடும்போது அது வேலை செய்யக் கூடாது என்பது விதி, திரையிலேயே எழுதியும் இருக்கும். ஆனால் வேலை செய்தது. அது ஒரு பிழை. அந்தப் பிழையின் தயவில்தான் அவன் தன்னை வீரன் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணி பிழைப் பட்டியலை அச்செடுத்து அவன் மேஜையில் வைப்பார். அவன் கையெழுத்துப் போட்டால் மௌனி திருத்துவான். அவன் அதை ஒரு நாளும் படித்ததில்லை, டெஸ்டர் எழுதியதைப் படித்தால் கௌரவம் என்ன ஆவது? அந்த வெள்ளிக்கிழமை பட்டியலின் முதல் வரியிலேயே, பிழை எண் நானூற்றுப் பன்னிரண்டு என்று போட்டு, அண்ணி எழுதினார்: "நிழல் போட்டியில் கைத்தாங்கல் அணையவில்லை. அணைய வேண்டும்."

"அண்ணி, இது நிஜமான பிழைதானா?" என்று குசுகுசுத்தேன்.

"நிஜம்தான். ரெண்டு மாசமாத் தெரியும். பெரிய விஷயம் இல்லன்னு கீழ வச்சிருந்தேன். இப்போ மேல ஏத்தியிருக்கேன்."

அவன் போனில் யாரிடமோ தன் பெருமையைப் பேசிக்கொண்டே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். முதல் வரியைப் படித்திருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மௌனி அன்று சாயங்காலமே திருத்திவிட்டு, அண்ணிக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் சூரப்புலி கன்சோலைக் கையால் தொடவில்லை. பேட்டிகளுக்கே நேரம் போதவில்லை.

வெளியீடு ஒரு பெரிய மின்சாதனக் கடையின் கூடத்தில், காலை பதினொரு மணிக்கு. இருநூறு நாற்காலிகள், பின்னால் பெரிய திரை. கன்சோல் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், எங்கள் அடுத்த விளையாட்டை யார் தலைமையில் செய்வது என்று முடிவு செய்யப் போகிறவர். ஒலிபெருக்கி என் பொறுப்பு. மோதும் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்தேன். கொஞ்சம் என்றால், கொஞ்சம்.

சூரப்புலி மேடையேறிக் கும்பிட்டான், ஓட்டினான். முதல் வளைவில் தப்பித்தான். இரண்டாவதில் நேராகப் போய்ச் சுவரில் டமால். கூடமே குலுங்கியது. "பொத்தான் மாட்டிக்கிச்சு" என்றான். வேறு கன்சோல் கொடுத்தார்கள். மறுபடி டமால். "வெளிச்சம் கண்ணுல அடிக்குது" என்றான். ஆடத் தெரியாதவளுக்குத் தரை கோணலாம். விளக்கை அணைத்தார்கள். மூன்றாவது தடவை வண்டி பின்பக்கமாகத் திரும்பி, வந்த வழியே போனது. கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "அவர் நிழலே அவரை விட்டுட்டுப் போயிடுச்சு!" சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எனக்கு அங்கேயே விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று முதலாளி வழிந்தார். யானைக்குச் சறுக்கும், சரி. பெருச்சாளிக்கு எதற்கு அந்தப் பழமொழி?

கன்சோல் கம்பெனி அம்மா சிரிக்கவில்லை. "இந்த நிழலை நிஜமா ஓட்டினது யாரு?" என்று கேட்டார்.

அண்ணி எழுந்தார். "நான்."

"அவங்க டெஸ்டர் மேடம், ஏதோ ஆர்வக்கோளாறு..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மா கையைக் காட்டி, "வந்து ஓட்டுங்க" என்றார்.

அண்ணி மேடையேறி, ஓட்டுவதற்கு முன்பே சொன்னார்: "ஏழாவது வளைவு வரைக்கும் நானும் நிழலும் ஒண்ணாவே போவோம். ஏழாவதுல அது அகலமாப் போகும். அது நான் வேணும்னு விட்ட இடம். அங்க உள்ள நுழைஞ்சிடுவேன்."

அப்படியே நடந்தது. ஆறு வளைவுகளில் திரையில் ஒரே ஒரு வண்டிதான் தெரிந்தது, நிழல் அண்ணியின் வண்டிக்குள்ளேயே மறைந்து ஓடியது. ஏழாவதில் அது வெளியே விலக, அண்ணி உள்ளே புகுந்தார். "இன்னாரை வென்றீர்கள்" என்று அவன் பெயர் ஆளுயரத்துக்குத் திரையில் வந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நான் அழுதேன். வெட்கம் என்ன இதில்?

அன்று பிற்பகல் அலுவலகத்தில் முதலாளி, அந்த அம்மா, அண்ணி, நான், மௌனி. மூலையில் அவன். முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கே எல்லாத்தையும் மாத்திடறோம்மா. டிரிஃப்ட் வடிவமைப்பு உங்க பேரு. நிழலும் உங்க பேரு. அவர் பேரை எல்லா இடத்துலயும் எடுத்துடறோம். அடுத்த விளையாட்டுக்கும் நீங்கதான் தலைமைன்னு மேடம் சொல்லிட்டாங்க."

"எடுத்துடுங்க சார்" என்று அவனே முணுமுணுத்தான். அதற்குள் அவன் சுவரில் மோதிய வீடியோ எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "டிரிஃப்டுக்கு என் பேரைப் போடுங்க. நிழல்ல மட்டும் அவர் பேரே இருக்கட்டும்."

முதலாளிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த நிழல் தோற்பதற்கென்றே ஓட்டப்பட்டது. விளையாட்டை வாங்குகிற ஒவ்வொருவரும், குழந்தை குட்டி உட்பட, இன்று இல்லாவிட்டால் நாளை அதை முந்துவார்கள். முந்தும்போதெல்லாம் தோற்றவன் பெயர் திரையில் வரும். எத்தனை லட்சம் தடவையோ, எத்தனை வருடமோ.

அவனுக்கும் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மா, வேண்டாம்மா. தப்புதான். ஒத்துக்கறேன்" என்று கும்பிட்டான். "வீட்டுல என் பசங்களும் இதை விளையாடுவாங்கம்மா."

அண்ணி மனம் இளகிவிடுவார் என்று நினைத்தேன், இளகிவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நல்லா விளையாடட்டும் சார்" என்றார். "ஏழாவது வளைவுல உள்ள நுழையச் சொல்லுங்க."