நான் வைத்த வாசற்படியை நானே கொத்தி எடுத்தது

திருவட்டாற்றைச் சுற்றி நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பள்ளிக்கூடம், ஒரு சந்தைக் கொட்டகை, களியக்காவிளையில் ஐந்து கடை. திற்பரப்பு போகிற வழியில் வெள்ளம் இரண்டு தடவை அடித்துக்கொண்டு போன ஓடைப்பாலம் மூன்றாவது தடவை நான் கட்டித்தான் நின்றது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிளான் வாசிக்க ஒருவரும் சொல்லித்தரவில்லை. சாந்துக்கூடை சுமந்து, கொத்தனாராகி, பிறகு காண்ட்ராக்டர் ஆனேன். டிப்ளமா முடித்து இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக ஒரே ஒரு வேலையை மட்டும் எழுதுகிறேன்.

படி வைத்தது

எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூரில் இருந்த காலம். கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் நடத்திய நர்சிங் ஹோமில் ஆண்கள் வார்டு கட்டும் வேலை எனக்கு வந்தது. வாசல் நிலை வைக்கும் முன்பு மேட்ரன் அம்மா வந்து நின்றார்.

"கொத்தனாரே, வாசலுக்குப் படி வேண்டாம். வார்டும் வராந்தாவும் ஒரே மட்டமா இருக்கட்டும்."

"படி இல்லாம நிலை வச்சா அது மாட்டுத்தொழுவம்லா அம்மா. மழைத்தண்ணி உள்ள வரும், பாம்பு வரும். எனக்க கையால அப்படி ஒரு வாசல் வைக்கமாட்டேன்."

மூன்று தடவை சொன்னார். அவர் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் அரை அடி உயரக் கருங்கல்லைப் போட்டு, மஞ்சளும் பூவும் வைத்து நிலையை நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கம் எந்தக் கொத்தனாரும் அதைத்தான் செய்திருப்பான்.

திரும்பி வந்து பார்த்தவர், "வச்சாச்சா? சரி. தூக்குறவங்க பாடுதான்" என்றார். யாரை, எதற்குத் தூக்குவது என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் வந்தது

வார்டு திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் அண்ணன் தங்கசுவாமி பனையிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வீட்டில் மூன்று வாரம் கிடந்ததில் முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வர்ம ஆசான் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலும்புன்னா நான் பாத்துக்கிடுவேன். இந்தப் புண்ணு ஆளைக் கொண்டுபோயிரும் மக்கா. சிஸ்டர்மார்கிட்ட கொண்டு போ."

அண்ணன் அய்யாவழிக்காரர். நெற்றியில் நாமம் இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "அங்க போனா எனக்க நாமத்தை அழிச்சிருவாங்க லே. நான் இங்கயே கெடந்து சாவுகேன்" என்றார். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம்.

வார்டில் இருந்த சிஸ்டர் கடப்புறத்துக்காரி. கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. முதல் நாள் காலையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கைக்கண்ணாடியும் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார்.

"அண்ணாச்சி, நாமம் போடணும்லா? நேரா போடும். கோணலா போட்டா உமக்க வீட்டுக்காரி எங்களையாக்கும் ஏசுவா."

அண்ணன் அன்றைக்குத்தான் சிரித்தார்.

இரண்டு மணிக்கூருக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள். அந்த நாற்றத்துக்கு நானே வராந்தாவுக்கு ஓடியிருக்கிறேன். அந்தச் சிஸ்டர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு மாதம் கழித்து அதே கண்ணாடியை அண்ணனின் முதுகுக்குப் பின்னால் பிடித்து, இன்னொன்றை அவர் கையில் கொடுத்து, "பாரும், ஓரத்துல புதுத் தசை வருது" என்று காட்டினார்.

வெயிலும் காற்றும் படவேண்டும் என்று மேட்ரன் அம்மா சொல்லியிருந்தார். தினமும் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வாசல்வரை உருட்டி, படியில் மூன்று பேராகத் தூக்கி வெளியே வைப்போம். ஒரு நாள் என் கை வழுக்கியது. சக்கரம் கல்லில் இடித்து நாற்காலி குலுங்கியது. ஆறி வந்த புண் கிழிந்து வேட்டியெல்லாம் இரத்தம்.

சிஸ்டர் தரையில் மண்டியிட்டு, துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் படியை வச்சவன் எவன்? எனக்க கையில கிடைச்சான்னா வச்சிருக்கேன்."

அண்ணன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னா நிக்கான்லா, எனக்க தம்பி."

சிஸ்டர் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். "அப்படியா கொத்தனாரே. நல்ல பலமாத்தான் வச்சிருக்கீரு."

மறுநாள் காலையில் உளியோடு போனேன். நிலையின் இரண்டு காலும் அந்தக் கல்லின்மேல் நின்றன. எடுத்தால் நிலை சாயும், சுவர் விரியும் என்றார்கள் கூடவந்த ஆசாரிகள். முழுக்கல்லையும் எடுக்கவில்லை. நிலைக்குத் தாங்கு கொடுத்து, கால் நிற்கிற இடத்தை விட்டு, நடுக்கல்லை மட்டும் தரைமட்டத்துக்குக் கொத்தினேன். தூசி கட்டில் பக்கம் போகாமல் ஈரச்சாக்குத் தொங்கவிட்டேன். உச்சிப்பொழுதுக்குள் முடிந்தது. மழைத்தண்ணீருக்கு வாசலுக்கு வெளியே குறுக்காக ஒரு சிறு ஓடை வெட்டி, துளை போட்ட பலகைக்கல்லால் மூடினேன். முற்றத்துக்கு இறங்க ஒரு சரிவும் போட்டேன். அந்த மழைக்காலத்தில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பாம்பும் வரவில்லை.

கிழிந்த புண் மூட மேலும் இரண்டு மாதம் ஆனது. மூடியது. அண்ணன் நடக்கவில்லை, ஆனால் சாகவில்லை. அந்தச் சரிவில் தானே உருட்டிக்கொண்டு இறங்கி, வெயிலில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்தார்.

பிள்ளைகளே, வாசல் வைக்கும் முன்பு அதில் யாரைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இப்போது அந்த வார்டின் சுவரில் கல் பதித்திருக்கிறார்கள். கொடை கொடுத்தவர்கள் பெயர் இருக்கிறது, எஞ்சினியர் பெயர் இருக்கிறது. அந்த வாசலைத் தவறாக வைத்ததும் நான், திருத்தியதும் நான். என் பெயர் அதில் வரவேண்டும். அண்ணனின் புண்ணை ஆற்றிய சிஸ்டரின் பெயரும் அதில் இல்லை. கல் பதித்தவர்களே, அதை முதலில் வெட்டுங்கள். என் பெயரை அதற்கு அடுத்த வரியில் வெட்டுங்கள். அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.