கை நனைக்காத வெள்ளி

மைசூரில் ஓர் அம்மன் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் வேலை நிர்மலாவுக்கு. தகரக் கொட்டகை, தாழ்வாக ஒரு ஜன்னல். அதன் வழியே செருப்பை நீட்டி டோக்கன் வாங்குகிறவர்கள் யாரும் குனிந்து அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. தரையில் உட்கார்ந்திருக்கும் அவளுக்கும் அவர்களுடைய கால்தான் தெரியும். காலையில் உள்ளே போனால், நடை சாத்திய பிறகுதான் வெளியே வருவாள்.

தீபாராதனை மணி கேட்டால் வாளித் தண்ணீரில் கையை நனைத்து, முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் கும்பிடுவாள். செருப்பு தொட்ட கையல்லவா?

மகள் தாரணிக்குத் தலைப்பிரசவம் சிக்கலானபோது, "ஆஷாட முதல் வெள்ளியில் என் கையாலேயே எலுமிச்சை மாலை கொண்டுவந்து தருகிறேன், தாயே" என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அன்றைக்குத்தான் கூட்டம் கொட்டும். அதனால் கொள்ளேகால் பக்கம் தமிழ்க் கிராமத்திலிருக்கும் நாத்தனார் பாக்கியலட்சுமியிடம், முதல் வெள்ளிக்கு வந்து கொஞ்ச நேரம் கொட்டகையில் உட்காரச் சொல்லியிருந்தாள்.

அந்த வெள்ளியும் வந்தது. மாலை மஞ்சள் பையில் ஆணியில் தொங்கியது. நாத்தனாரைக் காணோம். போன் போட்டாள்.

"எங்க பாக்கியம் வந்துட்டிருக்கே?"

"எங்கீங்கண்ணி வர்றது? காட்டுல களை எடுத்துட்டிருக்கேன்."

"இன்னைக்கு மொத வெள்ளி, புள்ளே!"

"ஆடியே இன்னும் பொறக்கலீங்களே! பொறக்காத மாசத்துக்கு ஏதுங்கண்ணி வெள்ளி?"

மைசூரில் அமாவாசை கழிந்ததுமே ஆஷாடம் பிறந்துவிடும். நம் ஆடி மெல்லத்தான் வரும். இங்கேயே இருந்து பழகிப்போன நிர்மலாவுக்கு, நாத்தனாரைக் கூப்பிட்டபோது தேதியைச் சொல்லத் தோன்றவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் வேண்டுதலை அறிந்த வாசல் காவலாளி மஞ்சுநாத் ஜன்னலில் குனிந்தார். "அளபேடம்மா, அழாதே. ஓடிப் போய் கொடுத்துட்டு பா, வா. நான் நோடிக்கறேன், பாத்துக்கறேன்."

பையை எடுக்காமலேயே எழுந்தாள். மாலையைத் தொடுமுன் குழாயடியில் நன்றாகக் கை கழுவ வேண்டும். பாதி தூரம் போவதற்குள் பின்னால் கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"செருப்புக்காரி எங்க போனா? சம்பளம் வாங்கிட்டு ஊர் சுத்தறாளா?"

திரும்பிப் பார்த்தாள். மஞ்சுநாத்தை யாரோ வாசலுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். கொட்டகை முன்னால், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண், தூறலில் ஜல்லிமேல் வெறுங்காலோடு, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

சன்னதி எதிரே. கொட்டகை பின்னே. நிர்மலா கண்ணை ஒரு நிமிடம் மூடினாள். பிறகு திரும்பி ஓடினாள்.

செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அந்தப் பெண்ணின் ஈரக் காலை முந்தானையால் துடைத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டாள். அந்தப் பெண் குனிந்து முதல்முறையாக நிர்மலாவின் முகத்தைப் பார்த்தாள். "சாமியையே பாத்த மாதிரி இருக்குதக்கா" என்றாள்.

மஞ்சுநாத் மூச்சிரைக்க வந்தார். "ஈகாவது, இப்பவாவது போம்மா!"

ஜன்னலில் பத்துக் கைகள் டோக்கனை நீட்டிக்கொண்டிருந்தன. நிர்மலா ஆணியிலிருந்த பையிலிருந்து மாலையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்கண்ணா."

"அய்யோ, உன் கையால தர்றேன்னு வேண்டினியே? கைகூட கழுவலையே நீ!"

"கோத்தது என் கைதானே. அது என்ன வேலை செய்யுதுன்னு அம்மாளுக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரத்தில் தீபாராதனை மணி அடித்தது. இங்கிருந்து ஒன்றும் தெரியாது, கால்கள்தான். வாளி பக்கத்திலேயே இருந்தது. நிர்மலா அப்படியே கும்பிட்டாள். பிறகு அடுத்த டோக்கனுக்குக் கையை நீட்டினாள்.