கலப்பை இறங்கிய ஆழம்

கிருபாவிடம் போய், “சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டார்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பீளமேட்டில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவர் கிருபா. அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களையெடுத்துப் படிக்க வைத்த பெண்.

போன வருடம் ஒரு முலாம் பூசும் ஆலை, தன் எண்ணெய்க் கழிவைத் தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கரில் கொட்டி உழுதது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடுமா என்று ஆறு மாதச் சோதனை. தீரும் என்று கிருபாவின் கூடம் அறிக்கை கொடுத்தால் காலத்துக்கும் கொட்டலாம். நிலத்தை ஒட்டி ஒரு தெருவே குடிக்கிற கிணறு இருந்தது.

ஆறாம் மாத மண்ணில் எண்ணெய் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். கழிவிலிருந்த குரோமியம் என்ற நச்சு உலோகமும் சரிபாதியாகியிருந்தது. கூடத்தின் முதலாளி சசிதருக்கு வாயெல்லாம் பல். கிருபாவுக்கு மட்டும் உறுத்தியது. எண்ணெயை நுண்ணுயிர் தின்னும், சரி. உலோகத்தை எது தின்னும்? மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

அங்கே டிராக்டர் ஓட்டுபவர் வேலன். “ஏனுங்கண்ணா, எத்தன ஆழம் ஓட்டுனீங்க?” என்று கிருபா கேட்டார். ஆறு மாதமாக ஒருத்தரும் அவரிடம் கேட்காத கேள்வி.

“மொதல்ல அரையடிங்க. போன மாசம் பெரிய கலப்பை அனுப்பிச்சாங்க, ஓரடிக்கு ஓட்டிப்போட்டேனுங்க. தப்புங்களா அம்மணி?”

தப்பு அவருடையதா! அடியிலிருந்த நல்ல மண்ணையும் புரட்டிக் கலந்தால் குரோமியம் பாதியாகத்தான் தெரியும். ஒரு துளிகூடத் தீரவில்லை. ஆலைக்காரர்களுக்கு எத்தனை கொழுப்பு!

உழவின் ஆழத்தோடு சேர்த்து, ‘இந்தக் கழிவை மண்ணில் விடக் கூடாது’ என்று அறிக்கை எழுதினார்.

சசிதர் படித்துவிட்டு, “பாதியாச்சுன்னு மட்டும் எழுதி, சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க கிருபா. அது பொய்யில்லையே?” என்றார்.

“எத்தன ஆழத்துலன்னு போடாம எழுதுனா பொய்தானுங்க சார்.”

“அப்ப நாளையிலிருந்து வர வேண்டாம்.”

கிருபா ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் நகர்த்தினார். “சரிங்க சார். எதுக்கு அனுப்பறீங்கன்னு இதுல எழுதிக் குடுங்க. இப்பவே போறேனுங்க.”

சசிதர் பேனாவைத் திறந்தார். என்னவென்று எழுதுவார், பொய் எழுத மறுத்ததற்காக என்றா? அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிருபா அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த வாரமே அங்கே கழிவு கொட்டத் தடை வந்தது.

கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிருபா சசிதரின் அறைக்குள் தலையை நீட்டி, “எழுதிட்டீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு, தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.